சேர் முத்துக்குமாரசுவாமி: ஒரு மதிப்பீடு

கொழும்புக் கொச்சிக்கடையிலே பொன்னம்பல முதலியார் 1856 ஆம் ஆண்டில் நிறுவிய சிவாலயத்தை அறியாத சைவர் இந்நகரில் அரியர். முதலியாரின் மைந்தர்களான இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் புகழையும் நம் மாணவர் நன்கறிவர். ஆயின், அவர்தம் தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமி (1834–1879), கலையறிஞர் ஆனந்தக்குமாரசுவாமியின் தந்தையார் என்ற அளவிலேயே இன்று நினைக்கப்படுகின்றார். அவருடைய வாழ்வு தனித்து மதிப்பிடற்பாலது.

முத்துக்குமாரசுவாமி இலண்டன் சென்று, 1863 இல் லிங்கன்ஸ் இன் மன்றத்திற் பாரிஸ்டரானார். கிறித்தவரும் யூதருமல்லாத ஒருவர் அத்தகுதி எய்தியது அதுவே முதன்முறை என்பர். சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். 1874 இல் சேர்ப் பட்டம் பெற்றார்.

எனினும், அவ்வாசனத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். 1833 இல் அமைந்த அச்சபையில் உத்தியோக அங்கத்தவர் ஒன்பதின்மர். உத்தியோகப் பற்றற்றோர் அறுவர். அவ்வறுவருள் தமிழர்க்கு உரியவர் ஒருவரே. அவரைத் தெரிந்தவரும் தேசாதிபதியே. படித்த இலங்கையர்க்குத் தேர்தல்வழி ஓராசனம் கிட்டியது 1911 ஆம் ஆண்டின் இறுதியிலேயாம். மக்கள் தெரியாத பிரதிநிதி எத்துணை வல்லவராயினும், அவருடைய சொல் பெரும்பான்மையை வெல்லுதல் அரிது. ஆகவே, சபைப்பணி ஒன்றையே கொண்டு அவரை அளத்தல் பொருந்தாது.

அவருடைய நிலைத்த பணி மொழிபெயர்ப்பாகும். தமிழ் அரிச்சந்திர நாடகத்தை 1863 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1874 இல் பாளி நூல்கள் இரண்டை மொழிபெயர்த்தார்: ஒன்று சுத்தநிபாதத்தின் பகுதி, மற்றையது தந்ததாதுவின் வரலாறு கூறும் தாதாவம்சம். டென்மார்க்கு அறிஞர் போஸ்பல் சுத்தநிபாதம் முழுவதையும் ஆங்கிலத்தில் வெளியிட்டது 1881 இலாதலின், நம்மவரின் முயற்சி ஏழாண்டு முந்தியதாகும். எந்த அரசும் விடுக்காத தூது இது. சைவத் தமிழர் ஒருவர், தம் அயலாராகிய பௌத்தர் போற்றும் நூல்களை ஊன்றிக் கற்று உலகிற்கு உரைத்தமை, இத்தீவினர் மறத்தற்கரியது.

ஒரு குறையும் கூறுதல் கடன். இம்மூன்று நூல்களும் ஆங்கிலம் அறிந்தாரை நோக்கியே சென்றன. பாளியிற் பெற்றதைத் தமிழர்க்கும் அவர் தமிழில் வழங்கியிருப்பின், அத்தூது இருபுறமும் சென்றிருக்கும். அயலார் நூலை அவர்தம் மொழியிற் பயின்று, நம் மொழியிற் பெயர்க்கும் பணி இன்றும் பெரிதும் எஞ்சியுள்ளது. சிங்களமும் பாளியும் கற்க வாய்ப்புள்ள நம் மாணவர் அதனை மேற்கொள்வாராயின், அதுவே அவர்க்குச் செய்யும் சிறந்த நினைவாகும்.