உளவியல் பட்டமும் ஸ்பெஷலைசேஷன் மயக்கமும்

உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில் தடை போட்டது. சிறுநகரத்து மாணவர்களின் வாய்ப்பைப் பறிக்கும் முடிவு இது என்பது எதிர்ப்பவர்களின் வாதம்.

அதில் நியாயம் இல்லாமலில்லை. திண்டிவனத்தில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியையோ விழுப்புரத்தில் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணோ சென்னையில் விடுதி பிடித்து இரண்டு வருடம் படிக்க முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியும் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகமும்தான் இப்படிப்பட்டவர்களுக்கு முதுகலைப் பட்டம் கொடுத்தன. பள்ளியில் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளவும் மேற்படிப்புக்கு அடித்தளமாகவும் அந்தப் படிப்பு உதவியிருக்கிறது.

ஆனால் தடையை எதிர்ப்பவர்கள் இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்: சரியான ஸ்பெஷலைசேஷனைத் தேர்ந்தெடுத்தால் போதும், தெரபிஸ்ட் ஆகிவிடலாம். கோளாறு இங்கேதான். இக்னோவின் எம்.ஏ. உளவியலில் இரண்டாம் ஆண்டில் கிளினிக்கல், கவுன்சலிங், தொழிற்சாலை-நிறுவன உளவியல் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளுறைப் பயிற்சியும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். இருந்தாலும் கிளினிக்கல் எடுத்தவருக்கும் கவுன்சலிங் எடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் சில தாள்கள்தான். அந்தச் சில தாள்களை நம்பி வாசலில் பெயர்ப்பலகை மாட்டத் துணிகிறார்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது உளவியல், மருத்துவ உளவியல், பயன்பாட்டு உளவியல் ஆகிய முதுகலைப் பட்டங்களை ‘அல்லது’ போட்டு ஒரே வரிசையில் வைக்கிறது. மாணவர்கள் தூக்கத்தைத் தொலைத்துத் தேர்ந்தெடுக்கும் பெயர்கள் சட்டத்துக்கு ஒன்றுதான். சட்டம் விட்டுக்கொடுக்காதது பட்டத்துக்குப் பிறகு வருவதைத்தான்: இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற நிறுவனத்தில், முழுநேரமாக இரண்டு வருடம், மேற்பார்வையோடு கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய எம்.ஃபில். படிப்பு. அந்த எம்.ஃபில். சேர்க்கைக்கும் 2025-26 வரைதான் அனுமதி என்று மானியக் குழு 2024 ஜனவரியில் சொல்லிவிட்டது. படிப்பின் பெயர் மாறலாம். மேற்பார்வை இல்லாமல் எந்தப் பெயரும் உதவாது.

கவுன்சலிங் எடுப்பவர்களின் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டனில் ‘கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்’ என்பதும் சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர். பதிவு பெறாதவர் போட்டுக்கொள்ள முடியாது. இங்கே 2017 சட்டம் அவர்களை வரையறுக்கவே இல்லை. மற்ற உளவியலாளர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர 2021இல் இணை நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. இப்போதைய தடைக்கு அடிப்படையே அந்தச் சட்டம்தான்.

விழுப்புரம் வட்டாரத்தில் இப்படிப் பெயர்ப்பலகை மாட்டியவர்களின் கதவைத் தட்டப்போவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களை வாரிக்கொண்டு போன மாவட்டம் இது. குடிகாரக் கணவனைப் பற்றி அழ ஒரு பெண் வருகிறாள். குடும்பப் பிரச்சினை, ஆகவே கவுன்சலிங் என்று பாடப்புத்தகம் பிரித்துவிடும். அடுத்த வாரம் அவனும் வருகிறான். ‘இன்றோடு நிறுத்திவிடுங்கள்’ என்று நல்ல மனதோடு புத்தி சொல்லி அனுப்புகிறார் ஆலோசகர். பல வருடம் விடாமல் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் மாயக்காட்சியும் தொடங்கி உயிரே போகலாம். அவனை அன்றே முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். இது கிளினிக்கல் தாளில் அச்சாகியிருக்கும். கவுன்சலிங் எடுத்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கிளினிக்கல் எடுத்தவரோ படித்திருப்பார், நடுங்கும் கையைப் பார்த்திருக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ‘இதைக் கேட்க விட்டுவிட்டாயே’ என்று திருத்த ஒருவர் இல்லாமல் இந்தத் தொழில் யாருக்கும் வந்ததில்லை. சட்டம் படித்தவரே சீனியரிடம் கட்டு தூக்கிவிட்டுத்தான் வாதாடப் போகிறார். உடைந்த மனதைத் தொட மட்டும் அஞ்சல் வழிப் பாடம் போதும் என்று எப்படி நம்பினோம்?

தடையை எதிர்ப்பவர்கள் வேறு வழக்கைக் கையிலெடுத்திருக்கலாம். முண்டியம்பாக்கம் கல்லூரி 2010இல் தொடங்கியது. நோயாளிகளுக்கு அங்கே குறைவில்லை. விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரியிலும் திண்டிவனம் கோவிந்தசாமி கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் அந்த மருத்துவமனையில் மேற்பார்வையோடு பழக, உதவித்தொகையோடு இடங்கள் கேட்டுப் போராடியிருக்கலாம். அவர்கள் கேட்பதோ தபாலில் வந்த பழைய பாடக்கட்டைத் திரும்ப.