குடல்வாலும் கண்ணாடிச் சில்லும்

1956-இல் தோன்றிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் வழியே பூமியைத் திறந்து அக்கரியை எடுத்துவரும் நெய்வேலி நகரியத்து வாசகர்களுக்கு, ஒரு பொருளின் சரித்திரத்தை அதன் மெல்லிய சீவலிலே வாசிக்கலாம் என்பது வியப்பாக இராது. ஏனெனில் அந்தக் கரியைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஆதிமரத்தின் உயிரணு அமைப்பு இன்றும் தென்படுவதுண்டு.

சஸ்திர சிகிச்சையால் நீக்கிய குடல்வாலை ஆராயும் கலையும் அத்தகையதே. பார்மலினில் ஊறிப் பதமான அவ்வுறுப்பின் நுனியை நீளவாக்கிலும், நடுவையும் அடியையும் குறுக்காகவும் அறுத்து, நீரை அகற்றி, பாரபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்னும் யந்திரத்தால் நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடிச் சில்லில் ஏந்துகிற லாப் டெக்னீஷியனின் கைப்பதம், வீணை மீட்டும் விரலின் நயத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஒரு மரத்தின் வயிரத்தினின்று பிறந்த ஹிமாடாக்ஸிலின் உட்கருவுக்கு நீலமும், இயோசின் ஏனையவற்றுக்கு இளஞ்சிவப்பும் ஊட்டியபின், தசையடுக்கினுள் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் புகுந்திருக்கக் கண்டால் கடும் அழற்சி ஊர்ஜிதமாகிறது. அபூர்வமாக, நுனியில் ஒளிந்த சிறு கட்டியோ காசநோயோ புலப்படுவதும் உண்டு. ஆகவே தையல் பிரித்ததோடு திருப்தியடையாமல், அந்தப் பரிசோதனையின் அறிக்கையையும் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டிப் பத்திரப்படுத்துங்கள்.