நீளம் கோலில் இல்லை, பிடியில் இருக்கிறது

லிஃப்ட் ஏறாமல் தன் காலாலேயே மலையேறிப் பிறகு சறுக்கி இறங்குபவர்களுக்குக் கடையில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது நீளம் மாற்றக்கூடிய கோல்தான். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள், நடுவே ஒரு பூட்டு, குழாயின் மேல் செ.மீ. கோடுகள். ஏறும்போது நீட்டிக்கொள்ளலாம், இறங்கும்போது குறைத்துக்கொள்ளலாம், சரிவைக் குறுக்கே கடக்கும்போது மேட்டுப் பக்கத்துக் கோலை மட்டும் குட்டையாக்கிக்கொள்ளலாம். விற்பவர்கள் சொல்லும் காரணங்கள் இந்த மூன்றும்தான். முதல் இரண்டையும் ஓரளவு ஏற்கலாம். கேட்க மிகக் கவர்ச்சியாக இருக்கும் மூன்றாவது, பெரும்பாலான சரிவுகளில் நிற்பதில்லை.

ஏன் என்று பார்க்க, ஏறும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சறுக்குப் பலகையின் அடியில் ‘ஸ்கின்’ எனப்படும் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகாலை விடுவித்துக்கொண்டு, மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறார்கள். நேராக ஏற முடியாத அளவுக்குச் சரிவு கூடும்போது பாதை இடமும் வலமுமாக மடிகிறது. இப்போது ஒரு சிறு கணக்கு. இரு கோல்களின் நுனிகளுக்கும் இடையே கிடைமட்டமாக 80 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 பாகைச் சரிவில் ஒரு நுனி மற்றதைவிட ஏறத்தாழ 46 செ.மீ. உயரத்தில் ஊன்றப்படும். 105 முதல் 145 செ.மீ. வரை மாறும் ஒரு கோலின் மொத்த வீச்சே 40 செ.மீ.தான். ஒரு கையை உயர்த்தியும் மற்றதைத் தாழ்த்தியும் பாதியைச் சமாளித்தாலும் 20 செ.மீ.க்கு மேல் மிஞ்சும். அதைப் பூட்டைத் திறந்து சரிசெய்தால், அடுத்த திருப்பத்தில் மேட்டுப் பக்கம் பள்ளப் பக்கமாகிவிடும். கனத்த கையுறையோடு, செங்குத்தான இடத்தில் நின்றபடி, ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பூட்டுகளைத் திறந்து மூட வேண்டியிருக்கும். அப்படிச் செய்து மலையேறுகிறவர் யாரும் இல்லை.

அதற்குப் பதில் அவர்கள் செய்வது மிக எளிது. மேட்டுப் பக்கத்துக் கை கைப்பிடியை விட்டுக் கீழே இறங்கித் தண்டைப் பிடித்துக்கொள்கிறது. திரும்பியதும் அந்தக் கை மேலே போகிறது, மற்றது கீழே வருகிறது. இதற்கென்றே நல்ல கோல்களில் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்காவது மெத்தென்ற நுரை உறை தொடர்கிறது. அது இல்லாத வெறும் அலுமினியத் தண்டைக் குளிரில் பிடித்தால் கையுறையையும் மீறி விரல் விறைக்கும், வழுக்கவும் செய்யும். பழைய கோலை வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் துணிப் பட்டையைச் சுற்றிக்கொள்கிறார்கள், வேலை நடக்கிறது. கோல் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கீழ்ப்பிடியைத்தான் என்பது என் தீர்மானமான கருத்து. விளம்பரமோ பூட்டைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

ஐரோப்பாவில் இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே கோலைப் பற்றிய சச்சரவு இருந்தது. ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் சறுக்குக் கலையை வகுத்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி ஒற்றை நீண்ட கோலையே வலியுறுத்தினார். ராணுவ அதிகாரி கேயோர்க் பில்கெரி இரண்டு கோல்கள் வேண்டும் என்றார். பில்கெரியின் வழிதான் வென்றது; வென்றது நியாயமும்கூட, ஏனென்றால் இரு கையாலும் உந்தி ஏறுவதன் பலன் பெரிது. ஆனால் நீண்ட ஒற்றைக் கோலை வேண்டிய உயரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற வசதி இரட்டைக் கோலில் தொலைந்தது. நுரை உறை அதைத்தான் மீட்டுத் தருகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, பூட்டுக்கு உண்மையிலேயே பயன் தரும் ஒரு சரிவையும் சொல்லியாக வேண்டும். பிரான்சின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை செல்லும் ‘ஓட் ரூட்’ பாதையில், பிராஃப்ளூரி குடிலிலிருந்து புறப்படுபவர்கள் ரூ கணவாயைத் தாண்டி லாக் தே தீஸ் ஏரியின் மேற்குக் கரைக்கு மேலே குறுக்காகச் செல்கிறார்கள். 285 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் தீக்ஸான்ஸ் அணையால் உருவான நீண்ட ஏரி அது. தெற்கு நோக்கிப் போகும் வழி நெடுக ஏரி இடப்புறம், மலை வலப்புறம். பக்கம் மாறுவதே இல்லை. வலக்கைக் கோலைக் குறைத்து இடக்கைக் கோலை நீட்டி வைத்துக்கொண்டால், ஏரி முடியும்வரை தோளுக்கு நிம்மதி. ஆனால் ஒன்று: தலைக்கு மேலே இருப்பதும் பனி சரியக்கூடிய மலைதான். நடுவழியில் நின்று பூட்டோடு போராடும் இடம் அல்ல அது. கணவாயிலேயே அளவை மாற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஆக, மாற்றும் கோல் உதவுவது முன்கூட்டி யோசிப்பவருக்கு. போகிற போக்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி வாங்கியவருக்கு அல்ல.

நீண்ட தட்டையான பள்ளத்தாக்கிலும் நீட்டிய கோல் நன்றாகவே உதவும். இரு கையையும் ஒருசேர ஊன்றி உந்தும்போது கூடுதலாகக் கிடைக்கும் 10 செ.மீ. வேகத்தில் தெரியும். பாறை ஏற வேண்டியிருந்தால் கோலைச் சுருக்கி முதுகுப்பையில் கட்டிக்கொள்ளலாம். இவை உண்மையான வசதிகள். ஆனாலும் ஒரு நாள் பயணத்தில் இவை இரண்டு மூன்று முறைக்கு மேல் தேவைப்படுவதில்லை.

அளவு எடுக்கும் முறைக்கு வருவோம். கோலைத் தலைகீழாக்கி, நுனிக்குச் சற்று மேலே உள்ள வட்டத் தட்டுக்கு அடியில் பிடித்து, முழங்கை செங்கோணமாக மடிகிறதா என்று பார்ப்பது வழக்கம். உடல் உயரத்தை 0.7-ஆல் பெருக்கினாலும் ஏறத்தாழ அதே விடை வரும்: 170 செ.மீ. உயரத்துக்கு 119, அதாவது 120. இந்த விதி சறுக்கி இறங்குவதற்காக உருவானது. இறங்குவதற்குச் சரியாகவும் இருக்கிறது. ஏறுவதற்கு அதோடு 5 முதல் 10 செ.மீ. கூட்டலாம். ஆனால் விதி கடைத் தரையில் நின்று எடுக்கப்படுவது. தரையில் கோல் புதையாது, பனியில் புதையும். புதிதாகப் பெய்த மென்பனியில் தட்டு சிறியதாக இருந்தால் கோல் எவ்வளவு புதைகிறதோ அவ்வளவு நீளம் கையில் குறையும். அளவுக் கோடு 125 என்று காட்டிக்கொண்டிருக்க, கைக்கு மிஞ்சுவது 115 ஆக இருக்கும். ஆகவே தட்டின் அகலமும் நீளத்தைத் தீர்மானிக்கும் ஓர் உறுப்புதான். குளிர்காலத்துக்கு அகலத் தட்டு, வசந்தகாலத்து இறுகிய பனிக்குச் சிறிய தட்டு என்று மாற்றிப் பொருத்த முடிகிற கோலாக வாங்குவது நல்லது.

கோலின் வீச்சைத் தேர்ந்தெடுப்பதில் பலர் சறுக்கிவிடுகிறார்கள். 150 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இறங்கும் அளவு 105. அவர் 105–145 கோலை வாங்கினால் முழுக்கச் சுருக்கிய நிலையில்தான் அவருடைய சறுக்கல் தொடங்குகிறது. அதற்குக் கீழே போக வழியில்லை, மேலே உள்ள 30 செ.மீ. வெறும் சுமை. 190 செ.மீ. உயரமுள்ளவருக்கு 133 தேவை. தட்டைப் பள்ளத்தாக்கில் நீட்டினால் எச்சரிக்கைக் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிடுவார். அந்தக் கோட்டைத் தாண்டினால் உட்குழாய் வெளிக்குழாய்க்குள் போதிய அளவு இருக்காது, இணைப்பிலேயே முறியும். அன்றாடம் பயன்படும் அளவு வீச்சின் நடுப்பகுதியில் விழும்படி பார்த்து வாங்க வேண்டும்.

பூட்டில் இரண்டு வகை. உள்ளே இருக்கும் முளை விரிந்து குழாயை இறுக்கும் திருகுப் பூட்டு ஒன்று. வெளியே இருந்து கவ்வும் லீவர் பூட்டு மற்றொன்று. பனிக்குத் திருகுப் பூட்டு வேண்டவே வேண்டாம். ஈரம் உள்ளே போய் உறைந்தால் எவ்வளவு திருகினாலும் முளை பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். என்ன கோளாறு என்று வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. லீவர் பூட்டில் பனிக்கட்டி அடைத்தால் கட்டைவிரலால் சுரண்டி எடுத்துவிடலாம். பிடி தளர்ந்தால் அதன் திருகாணியைச் சிறு திருப்புளியால் முடுக்கலாம். அதுவும் குறையற்றதல்ல. இறங்கும்போது கோலை ஊன்றிய கணத்தில் கீழ்க்குழாய் மேலே ஏறி, கோல் திடீரெனக் குட்டையாகிவிடும். இல்லையென்றால் இறுகிய மேற்பரப்புக்கு அடியில் தட்டு மாட்டிக்கொள்ள, மேல்பாதி மட்டும் கையோடு வரும். கீழ்பாதியை எடுக்க மறுபடியும் மேலே ஏற வேண்டும். இறங்கத் தொடங்கும் முன் உடல் எடையைக் கோலின் மேல் சாய்த்துப் பார்ப்பதும், வீடு திரும்பியதும் குழாய்களைப் பிரித்து ஈரம் போக உலரவிடுவதும் தவறக் கூடாதவை. ஒற்றைத் தண்டுக் கோலுக்கு இந்தக் கவலைகள் கிடையாது. 1958-இல் எட் ஸ்காட் அறிமுகப்படுத்திய, நுனி நோக்கிச் சிறுக்கும் அலுமினியக் கோலின் வழிவந்தவை வீச இலகுவானவை. பூட்டின் கனம் நடுத்தண்டில் உட்காருவதில்லை.

கார்பன் இழையா, அலுமினியமா? கார்பன் எடை குறைவு. ஆனால் சறுக்குப் பலகையின் எஃகு விளிம்பு உரசி ஒரு கீறல் விழுந்துவிட்டால், பிறகு ஒருநாள் அந்த இடத்தில் படக்கென்று முறியும். அலுமினியம் வளையும், மெதுவாக நிமிர்த்திக்கொண்டு ஊர் வந்து சேரலாம். விளிம்பு படுவது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் என்பதால், மேல்குழாய் கார்பனாகவும் கீழ்க்குழாய் அலுமினியமாகவும் உள்ள கலப்புக் கோல் அறிவுள்ள அமைப்பு.

இரண்டு கோல்களும் ஒரே நீளம் இருப்பதன் அருமை, சரிவை அளக்கும்போதுதான் தெரியும். ஒரு கோலைச் சரிவின் போக்கிலேயே, கைப்பிடி கீழ்நோக்கி இருக்கும்படி பனியில் படுக்கவைத்து அழுத்தித் தடம் பதிக்க வேண்டும். நுனி அசையாமல் கைப்பிடியை மட்டும் தூக்கி, அந்தக் கைப்பிடியோடு சேர்த்து இரண்டாவது கோலைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். அதன் நுனி தடத்தின் கீழ்முனையில் விழுந்தால் சரிவு 30 பாகை. அதற்கும் கீழே விழுந்தால் இன்னும் செங்குத்து. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைவரையுள்ள சரிவுகளில் நிகழ்வதால் இந்த அளவுக்கு உயிரின் விலை உண்டு. ஒரு பூட்டு தெரியாமல் நழுவி 5 செ.மீ. குறைந்திருந்தால் கணக்கு பிசகும். அளக்கும் முன் இரண்டையும் சேர்த்து நிறுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோலை மணிக்கட்டோடு கட்டும் பட்டையை இத்தகைய சரிவுகளில் கழற்றிவிடுவது நெடுநாள் வழக்கம். பனிக்குள் அகப்பட்டால் கட்டிய கோல் நங்கூரமாகிக் கையை இழுத்துப் பிடிக்கும். முகத்துக்கு முன்னால் மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ள அந்தக் கை வேண்டும். கீழ்ப்பிடியில் கை இருக்கும்போது பட்டையால் எந்தப் பயனும் இல்லை. கருவி இல்லாமல் எளிதாகக் கழற்றக்கூடிய பட்டையா, அல்லது இழுத்தால் தானே விடுபடும் பட்டையா என்று கடையிலேயே, கையுறை போட்ட கையால் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.