கந்தையும் பொந்தவும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் செகந்திராபாத் எனப் பெயர்பெற்ற பாளைய நகரில் தெலுங்கும் உருதுவும் மராத்தியும், சென்னைப் படையினரோடு வந்த தமிழும் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. புதுத்துணிக்குள் பஞ்சு திணித்துத் தைக்கப்படும் போர்வை உருதுவில் லிஹாப் அல்லது ரஜாயி. உடுத்துத் தேய்ந்த துணிகளை அடுக்கி நூலோட்டித் தைத்ததோ தெலுங்கில் பொந்த, உருதுவில் குதடி, மராத்தியில் கோதடி. பின்னதில் பாட்டியின் புடவையும் தந்தையின் வேட்டியும் இன்னாருடையவை என அறியத்தக்க நிலையிலேயே கிடக்கும். எழுதப்படாத குடும்ப வரலாறு என்று அதனைக் கூறுவது மிகையன்று.

ஆங்கிலக் 'குவில்ட்' இவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. மெத்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தமையால் அதன் வேர்ப்பொருள் திணிப்பைச் சார்ந்ததேயன்றிப் பழந்துணியைச் சார்ந்ததன்று. இஸ்மத் சுக்தாயின் 'லிஹாப்' (1942) ஆங்கிலத்தில் குவில்ட் ஆயிற்று. ஜசீமுத்தீனின் வங்கக் கதைப்பாடலான 'நக்ஷி காந்தார் மாட்' (1929) என்பதன் காந்தாவும் 1939இல் மில்ஃபோர்டின் மொழிபெயர்ப்பில் குவில்ட்டே ஆயிற்று. முன்னதில் போர்வை ஒரு வீட்டின் மறைபொருளை மூடுகிறது. பின்னதிலோ, பிரிந்த கணவனோடு வாழ்ந்த வாழ்வை ஒருத்தி தையலால் வரைந்து, அதனைத் தன் புதைகுழியின்மேல் விரிக்க வேண்டுகிறாள். மூடுவதற்கும் பதிவதற்கும் ஒரே சொல்!

ஆங்கிலவழிப் பெயர்ப்போர் 'மெத்தைப்போர்வை' என்றே எழுதினால் அப்பிழை தமிழிலும் தொடரும். வங்கக் காந்தாவும் தமிழ்க் 'கந்தை'யும் வடமொழிக் 'கந்தா' என்னும் ஒரே மூலத்தன என்பது ஈண்டு நினையத்தக்கது. ஆயினும் கந்தை தமிழில் வறுமையின் அடையாளமாகச் சுருங்கிவிட்டது. கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியிலும் அது இரங்கத்தக்க உடையே. தமிழகத்திலும் தாயின் பழம்புடவை குழந்தைக்குத் தூளியாகிறது. எனினும் அவ்வழக்கம் போர்வைக்கு ஒரு பெயரை ஈயவில்லை. செகந்திராபாத்தில் வாழும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குப் 'பொந்த' காதுக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. அதனைக் கடன்பெறுவதில் இழுக்கில்லை. தயங்குவோர் 'பழம்புடவைப் போர்வை' எனலாம்.

புடவையே இல்லாத பனுவலில் இதுவும் பொருந்தாது. ஆலிஸ் வாக்கரின் 'எவ்ரிடே யூஸ்' (1973) சிறுகதையில், பாட்டியின் உடைத்துண்டுகளோடு உள்நாட்டுப் போரில் முன்னோர் ஒருவர் அணிந்த சீருடையின் சிறு துணுக்கும் இணைந்த போர்வைகளைக் காட்சிப்பொருளாக்க ஒரு மகள் விழைகிறாள். தாய் அவற்றை நாள்தோறும் போர்த்தக்கூடிய மற்றவளுக்கே அளிக்கிறாள். அங்கு 'ஒட்டுப்போர்வை' ஓரளவு ஈடுகொடுக்கும். 'மெத்தைப்போர்வை' என்றால், உடன்பிறந்தார் இருவர் ஏதோ விலையுயர்ந்த படுக்கைப் பொருளுக்காகப் பூசலிட்டதாகவே தமிழ் வாசகர் கொள்வர்.