பலாவிலையில் வார்த்த கூழ்: நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள்

நினைவு நாள்களைக் கொண்டாடுவதில் எமது சமூகம் என்றும் பின்னின்றதில்லை. படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்ற ஒழுங்கிலே அமரர்கள் ஆண்டுக்கொருமுறை நினைக்கப்பட்டு மறுநாளே மறக்கப்படுகின்றனர். 'தங்கத் தாத்தா' என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அழைத்த நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவருக்கும் இக்கதி நேராமலில்லை. எனினும் அவர் விடயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. மேடைகள் அவரை மறந்துபோனாலும், ஆடி மாதம் பிறக்கும் நாளில் எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ பாடசாலை முற்றத்திலோ பிள்ளைகளின் வாயில் அவர் பாட்டு எழுந்துவிடுகிறது. அந்தப் பாட்டு ஏன் நிலைத்தது, அதில் எவை உள்ளன, எவை இல்லை என்று கேட்பதே விமர்சனத்தின் வேலை. அவ்வேலையை மாலை போடுவோர் செய்யமாட்டார்கள். நாம் செய்தாக வேண்டும்.

புலவர் 1878இல் நவாலியிற் பிறந்தார், தந்தையார் கதிர்காமர். பழைய முறையில் இலக்கண இலக்கியம் கற்று, வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1953 ஜூலையில் மறைந்தார். ஆரவாரமற்ற ஓர் ஆசிரியரின் வாழ்வு அது. அட்டகிரிக் கலம்பகம், கதிரைச் சிலேடை வெண்பா, நாமகள் புகழ்மாலை, பனையின் சிறப்பைப் பாடும் தாலவிலாசம், உயிரிளங்குமரன் என்ற நாடகம் என அவர் ஆக்கியவை பல. கலம்பகமும் சிலேடையும் நிலப்பிரபுத்துவ காலத்துப் புலமையின் உடைமைகள். அவற்றை அவர் திறம்படவே கையாண்டார். ஆயினும் அவற்றை இன்று புரட்டுவோர் ஆராய்ச்சி மாணவர் மட்டுமே என்று நாம் கூறினால் அது அவரைக் குறைத்துக் கூறியதாகாது. அவரை வாழவைப்பவை, கற்றோர் அவையில் அவருக்குப் பெயர் தேடித் தராத சில சின்னஞ்சிறு பாடல்களே. 1930களில் கல்வி அதிகாரி க. ச. அருள்நந்தி முதலியோர் ஊக்கிய 'பிள்ளைப்பாட்டு' முயற்சி, யாழ்ப்பாணத்துப் புலவர் பலரைக் குழந்தைகளின் பக்கம் திருப்பியது. அக்காலச் சூழலில் வைத்தே இப்பாடல்களைக் காணவேண்டும். புலவர் மறைந்த பின்னர், 1955இல், அவை 'சிறுவர் செந்தமிழ்' என்ற நூலாயின.

நூலின் பெயர் செந்தமிழ். ஆனால் பாட்டுக்கு உயிர் தருவது செந்தமிழன்று. வெருளி, பனங்கட்டி, கூழ், கொழுக்கட்டை, அகப்பை என்பன அடுப்படியிலும் தோட்டத்திலும் வழங்கும் சொற்கள். 1960களில் ஈழத்துப் பண்டிதர் சிலர், மக்கள் பேசும் மொழியைக் கதைகளில் எழுதிய முற்போக்கு எழுத்தாளரை 'இழிசனர் வழக்கு' என்று பழித்ததை எம் வாசகர் அறிவர். அப்பண்டிதர் மரபிலே தலைசிறந்து நின்ற ஒருவரே, குழந்தைகளுக்குப் பாட நேர்ந்தபோது அந்த வழக்கின் வாசலுக்குத்தான் சென்றார். மரபுப் போரில் எம்மவர் இந்த ஒரு சான்றை இன்னும் உரத்து எடுத்துக் காட்டியிருக்கலாம்.

சொல்லைப் போலவே மெட்டும். ஆடிப்பிறப்புப் பாட்டு கும்மியின் நடையில் அமைந்தது. கும்மி சபையிலே அமர்ந்து கேட்கும் இசையன்று. பெண்களும் சிறுமியரும் வட்டமிட்டுக் கைகொட்டி ஆடிப் பாடுவது. அதற்குப் பக்கவாத்தியம் வேண்டியதில்லை, கைகள் போதும். புலவர் கச்சேரி செய்த பாடகரல்லர். ஆனால் நாட்டார் இசையின் ஒரு கிளையைத் தன் பாட்டினால் தளிர்க்கச் செய்த இசைவாணர் என்று அவரைச் சொல்லத் தடையில்லை. எழுத்தறியாத ஆச்சிமாரும் இப்பாட்டைப் பாடினர் என்றால், அச்சேறிய எழுத்து மீண்டும் வாய்மொழியாயிற்று என்றே பொருள். எழுதப்பட்ட கவிதைக்கு இதனினும் பெரிய வெற்றி ஏது?

வங்கத்திலே இரவீந்திரநாத் தாகூர் 1894ஆம் ஆண்டளவில், பெண்கள் பிள்ளைகளைத் தேற்றப் பாடும் சிறு பாட்டுகளைத் திரட்டி, அவற்றையும் இலக்கியம் என மதித்துக் கட்டுரை எழுதினார். எமது பல்கலைக்கழகங்களில் நாட்டார் பாடல் ஆய்வுக்குப் பாய் விரிக்கப்பட்டதோ மிகப் பிந்தி. இடையிலே எத்தனை பாட்டுகள் எத்தனை ஆச்சிமாரோடு சுடலைக்குச் சென்றன என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

ஆடிப்பிறப்புப் பாட்டிலே புலவர் பிள்ளைகளுக்கு எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. இது சிறிய காரியமன்று. பாரதி 1915இல் பாடிய பாப்பாப் பாட்டு தமிழ்க் குழந்தை இலக்கியத்தின் தலைவாசல். சாதி வேற்றுமையைக் குழந்தையின் காதிலேயே மறுத்துச் சொன்ன துணிவு அதற்குண்டு. ஆனாலும் அங்கே பெரியவர் ஒருவர் பாப்பாவைப் பார்த்துச் சொல்கிறார். ஆடிப்பிறப்பிலோ பாடுபவர்கள் பிள்ளைகளே. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்ற பேரானந்தம் அவர்களுக்கு. ஒருவரையொருவர் தோழர்கள் என விளிக்கின்றனர். பயறு வறுபடுகிறது, அரிசி இடிபடுகிறது, மா பதமாய் வறுபடுகிறது, தேங்காய் துருவப்படுகிறது, பனங்கட்டி கரைகிறது. கூழ் ஆகும்வரை பொறுக்கமாட்டாத பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கிவந்து அதனை மடித்துக் கோலிக்கொள்கின்றனர். உழைப்பின் படிகள் ஒவ்வொன்றும் வரிசை பிறழாமல் பாட்டிலே இருக்கின்றன. ஒரு பண்டத்தைப் புகழாமல், அது ஆக்கப்படும் விதத்தைக் காட்டுவதால் வாயூறச் செய்கிறார் புலவர். எமது 'யதார்த்தவாதிகள்' சிலர் இந்த வித்தையை இங்கே வந்து கற்கலாம்.

பள்ளி விடுமுறைக்கு இப்பாட்டில் வரும் சொல் 'விடுதலை'. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது இயல்பான வழக்கு. பாரதி 'பெண்கள் விடுதலைக் கும்மி' பாடியபோது அதே சொல்லை, அதே கும்மியில், ஒரு யுகத்தின் முழக்கமாக்கினான். நவாலியூர்ப் பிள்ளைக்கோ அது ஒருநாள் பிரம்புக்கும் மனப்பாடத்துக்கும் தப்பியிருத்தல். பின்னாளில் அந்த மண்ணில் அச்சொல் சுமந்த பாரத்தை நாம் அறிவோம். ஒரு தலைமுறை முழுவதும் அச்சொல்லைக் கூழோடும் கொழுக்கட்டையோடும் சேர்த்தே முதலிற் கற்றது என்பதை எழுதும்போது எம் பேனா சற்று நின்றுவிடுகிறது.

இனி, பாட்டிலே இல்லாததைப் பார்ப்போம். பானைக்குள்ளே பனங்கட்டி வந்து விழுகிறது. அது எங்கிருந்து வந்தது? தளைநார் பூட்டிப் பனையேறி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டியிலே கருப்பநீர் இறக்கியவன் ஒருவன் இருந்தான். காய்ச்சிக் குட்டானில் வார்த்தவள் ஒருத்தி இருந்தாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தோழர்களின் கூட்டத்தில் இருந்தார்களா? 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் அமரவேண்டும் என்ற விதி வந்தபோது யாழ்ப்பாணத்துச் சாதிமான்கள் கொதித்தெழுந்தனர். பாடசாலைகள் சில எரியூட்டவும் பட்டன. பள்ளிக்கே போகமுடியாத பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையால் என்ன ஆனந்தம்? இலவசக் கல்வி 1945இல் வந்த பிறகும் அந்த வாசல் எளிதில் திறந்துவிடவில்லை.

பலாவிலையையும் இன்னொருமுறை பார்க்கவேண்டியிருக்கிறது. பாட்டில் வரும் பிள்ளைகள் இலையைக் கோலிக் குடிப்பது விளையாட்டு. வீட்டிலே செம்பும் கிண்ணமும் இருக்க, அன்றைக்கு மட்டும் இலை. அதே குடாநாட்டில், உழைத்துக் களைத்து வந்தவனுக்கு முற்றத்துக்கு அப்பால் பிளாவிலும் சிரட்டையிலும் வார்த்தது விளையாட்டன்று. தேநீர்க் கடைகளிலே அவனுக்கெனப் புறம்பான பாத்திரம் வைத்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியும் அப்பாத்திரம் மறையவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின் கடைகளிலும் கோயில் வாயில்களிலும் நடந்த போராட்டங்களுமே அதனை அசைத்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' இந்த வரலாற்றைக் கதையாக்கியது. 'பஞ்சமர்' படித்த கண்ணோடு ஆடிப்பிறப்பைப் படிப்பவர்க்கு, அந்தக் கூழின் மணத்தோடு வேறொன்றும் நினைவில் எழும். அது பாட்டைக் கெடுப்பதாகாது. பாட்டு பிறந்த மண்ணை முழுதாக அறிவதே ஆகும்.

இதனைக் கொண்டு புலவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் முயலவில்லை. குழந்தையின் உலகம் அடுப்படியிலிருந்து பலாமரம் வரைதான். அதன் கண்ணாற் காண்பதென்று முடிவு செய்த கவிஞன் படலைக்கு அப்பால் எட்டிப் பார்க்கவில்லை. ஆயினும் படலைக்கு அப்பால் நின்ற குழந்தையின் கண்ணால் அதே ஆடிப்பிறப்பைப் பாடியவர் எவர்? முற்போக்கு முகாமிலிருந்தும் அத்தகைய ஒரு பாட்டு, பிள்ளைகளின் வாயில் நிலைக்கும்படி, வரவில்லை. நாம் சிறுகதையில் வென்றோம், நாவலில் வென்றோம்; குழந்தைகளைப் பண்டிதரிடமே விட்டுவிட்டோம்.

'கத்தரி வெருளி' வேறு வகையான பாட்டு. கத்தரித் தோட்டத்தின் நடுவே நிற்கும் வெருளியை ஒரு சேவகனாகப் பாவித்துப் போற்றுகிறது. கண்ணிமையான், நித்திரை கொள்ளான், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூலியும் கேளான். இப்படியொரு வேலைக்காரன் வேறெங்கே கிடைப்பான்! வர்க்கப் பார்வையுள்ள நண்பர் சிலர் இதனை முதலாளியின் கனவு குறித்த அங்கதம் என்று விளக்குவர். கூலி கேளாத தொழிலாளி வைக்கோலால் ஆனவனாகவே இருக்கமுடியும் என்ற நகைச்சுவை பாட்டில் இருப்பது மெய். ஆனால் புலவர் அவ்வளவையும் எண்ணிப் பாடினார் என்று சாதிப்பது எமக்கு உடன்பாடன்று. வெருளியை நோக்கி மரியாதையாகப் பேசுவதிலுள்ள குறும்பே அவருக்கு வேண்டியது. குழந்தை சிரிப்பதும் அதற்காகவே. அர்த்தம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. நல்ல பாட்டுகளுக்கு அப்படி வந்து சேரும்.

எமக்கு மனக்குறை தரும் பாட்டு 'பவளக்கொடி'. பால் விற்கப் போகும் பெண் மனக்கோட்டை கட்டிப் பாற்குடத்தை உடைக்கும் கதை மிகப் பழையது. பஞ்சதந்திரத்திலே அது மாப்பானையோடு கனாக்கண்ட பிராமணன் கதை. பிரான்சிலே லா ஃபொந்தேன் 1678இல் பாற்காரியின் கதையாக்கினார். புலவர் அவளைப் பருத்தித்துறைக்குக் குடியேற்றினார். ஓசையும் ஓட்டமும் அபாரம். பவளக்கொடி நடந்துபோகும் நடை பாட்டிலேயே கேட்கிறது. ஆனால் அவள் கண்ட கனவுதான் என்ன? பால் விற்ற காசில் கோழி வளர்த்து, நல்ல சேலை ஒன்று கட்டி, தோழியர் பார்க்க நடக்கவேண்டும் என்பது. அவ்வளவுக்கே குடம் உடைகிறது. ஏழைப் பெண்ணின் ஒரு சேலைக் கனவைப் பார்த்துச் சிரிக்கக் குழந்தைகளைப் பழக்குவது நன்றா? வகுப்பறையில் இக்கேள்வியைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்க்கும்படி ஆசிரியத் தோழர்களை வேண்டுகிறோம். பவளக்கொடி மறுநாளும் பால் விற்கப் போயிருப்பாளா, என்ன எண்ணிக்கொண்டு போயிருப்பாள் என்று அவர்கள் சொல்லும் விடை பாட்டின் புத்திமதியைவிட நன்றாயிருக்கும் என்பது எம் நம்பிக்கை.

பாடசாலைகள் இப்பாடல்களுக்கு இழைத்த தீங்கும் சொல்லத்தக்கது. மனனம் செய், பிழையின்றி ஒப்புவி, கோடிட்ட இடத்தை நிரப்பு என்று பரீட்சைக்குரிய பொருளாக்கிவிட்டார்கள். பள்ளி இல்லையென்று துள்ளும் பாட்டைப் பள்ளியிலே நிறுத்தி வைத்து ஒப்புவிக்கச் செய்யும் முரண் எவருக்கும் உறைக்கவில்லை. கைகொட்டுவது நின்றபோதே கும்மி செத்தது.

நவாலி என்ற பெயரை இன்று உச்சரிப்போர் புலவரை மட்டும் நினைப்பதில்லை. 1995 ஜூலை 9ஆம் நாள், படையெடுப்புக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் சூழலிலும் தஞ்சம் புகுந்திருந்தபோது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. 100 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுட் குழந்தைகளும் இருந்தனர். ஆடி பிறக்க ஒரு வாரமே இருந்தது. அவ்வாண்டு இறுதிக்குள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்தது. அந்த நடையிலே பலர் கடல் கடந்தும் போயினர். இன்று புலம்பெயர்ந்த தேசங்களிலே தமிழ்ப் பிள்ளைகள் கடதாசிக் கிண்ணத்தில் ஆடிக்கூழ் குடித்து அதே பாட்டைப் பாடுகின்றனர். பலாவிலை என்றால் என்னவென்று அவர்களுக்குப் படம் காட்டவேண்டியிருக்கிறது.

'சிறுவர் செந்தமிழ்' மறுபடியும் நல்ல பதிப்பாக வரவேண்டும். பாட்டின் சொல் மட்டுமன்றி மெட்டும் அதிலே பதியவேண்டும். ஊருக்கு ஊர் மெட்டு வேறுபடும். வலிகாமத்து ஆச்சி பாடுவதையும் வடமராட்சி ஆச்சி பாடுவதையும், தீவுப்பகுதியில் பாடுவதையும், பனை ஏறியவர்களின் குடியிருப்புகளில் பாடப்பட்டிருந்தால் அதனையும், இப்போதே ஒலிப்பதிவு செய்யவேண்டும். இதற்கு அறக்கட்டளையும் வேண்டாம், அமைச்சும் வேண்டாம். கையிலே தொலைபேசி வைத்திருக்கும் மாணவர் பத்துப்பேர் அடுத்த ஆடிக்கு முன் புறப்பட்டாற் போதும்.