வீட்டு ஆல்பமும் டீக்கடைப் பெஞ்சும் டென்ட் கொட்டகையும்

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்த அவருடைய போட்டோ சுவரொட்டியாகி ஊர்ச் சுவர்களில் ஏறியது. அதன்பிறகு ஒரு கூட்டத்திலும் பேசாமலேயே அவர் பரங்கிமலையில் வென்றார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அந்தச் சுவரொட்டியின் முன் நின்றவர் ஒரு நிழற்படத்தையும் ஒரு கட்சியையும் தன் மனத்துக்குப் பிடித்த கதாநாயகனையும் ஒரே பார்வையில் பார்த்தார். மூன்றையும் பிரித்துப் பார்க்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை. பிற்பாடு வந்த ஆய்வுதான் அவற்றைப் பிரித்தது.

தமிழ்நாட்டு மக்களின் ஓய்வுப்பொழுதை ஆராய்ந்தவர்கள் இன்று பலர். சினிமாவுக்கு ஒரு வரிசை, மேடைப்பேச்சுக்கும் பத்திரிகைக்கும் இன்னொன்று, நிழற்படத்துக்கு அண்மையில் தொடங்கிய மூன்றாவது வரிசை. இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒன்று தெளிவாகிறது. பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகப் படமெடுத்தவர்கள், அரசியல் பேசியவர்கள், பாட்டுப்புத்தகம் சேர்த்தவர்கள், இவர்கள்தாம் தமிழரின் இருபதாம் நூற்றாண்டுப் பொதுவாழ்வைப் பதிந்து வைத்தவர்கள். அவர்களை ஆய்வுப் பொருளாக மட்டும் பார்க்கும் வழக்கத்தை மாற்றி, சாட்சிகளாக ஏற்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்று நான் கருதுகிறேன்.

கேமரா

நிழற்படம் இங்கே அரசாங்க வேலையாகவும் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகவும் நுழைந்தது. 1850களிலேயே சென்னையில் நிழற்பட ஆர்வலர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படமெடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒரே நீண்ட சுருளாக ஒட்டிச் சேர்த்தார். சாதாரணக் குடும்பங்கள் கேமராவின் முன் வந்தது ஊர் ஸ்டூடியோக்கள் பெருகிய பிறகுதான். திரையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டு, பக்கத்தில் பூச்சாடி, கையில் ஒரு புத்தகம், மணிக்கட்டில் கடிகாரம். நிற்பவர் தான் எப்படி அறியப்பட விரும்பினாரோ அப்படியே அந்தப் படத்தில் நின்றார்.

ஸ்டூடியோ படங்களை இப்படி, மனிதர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட செய்தியாக வாசிக்க வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டோபர் பின்னி. மத்தியப் பிரதேசத்து நாக்தா நகரத்தை வைத்து அவர் எழுதிய ‘கேமரா இண்டிகா’ 1997இல் வந்தது. தமிழ்நாட்டில் இந்தத் திசையில் நடந்த பெரிய முயற்சி புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினுடையது. ஸோயி ஹெட்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி எண்ணியல் பிரதி எடுத்தனர். ஒரு ஊரின் திருமணங்கள், சாவுகள், பெண் பார்க்கும் படங்கள் எல்லாம் ஒரு ஸ்டூடியோவின் பரணில் கிடக்கின்றன. கடை மூடப்பட்டால் அந்த ஊரின் நூறாண்டு முகங்களும் போய்விடும்.

கேமரா வீட்டுக்குள் வந்த கதை இன்னும் எழுதப்படவில்லை. 1960களில் பரோடாவில் தயாரான அக்பா கிளிக் கேமரா நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியது. ஒரு ரோலுக்கு 12 படம். ரோலும் கழுவும் கூலியும் செலவு பிடித்த காலத்தில் அந்தப் பன்னிரண்டில் யார் யார் இடம்பெறுவது என்பது வீட்டில் பேசித் தீர்மானிக்கவேண்டிய விஷயம். முதல் படம் சாமிக்கோ தாத்தாவுக்கோ போகும்; சமையற்கட்டிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் ரோல் முடிந்திருக்கும். உதகையில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தந்தது. ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலைக்கும் ஒரு வீட்டு ஆல்பத்துக்கும் இடையே இருந்த இந்த உறவைத் தேடி எழுத ஒருவர் வேண்டும்.

ஆசையால் கேமரா பிடித்தவர் எவ்வளவு உயரம் போக முடியும் என்பதற்கு மா. கிருஷ்ணன் (1912–1996) இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைத் தானே பொருத்தி ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டு, யானைகளையும் காட்டையும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்.

பெஞ்ச்

அரசியல் பேச்சு என்றால் ஆய்வாளர்கள் முதலில் மேடையைப் பார்த்தார்கள். பெர்னார்ட் பேட் மதுரையில் தங்கி ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட நூல், திராவிட இயக்கத்தின் செந்தமிழ் மேடைப்பேச்சு பழைமையிலிருந்து தானாக வழிந்து வந்ததல்ல, நவீன அரசியலே உருவாக்கிய நடை என்று காட்டியது. அந்தப் பேச்சைக் கேட்டுத் திரும்பியவர்கள் மறுநாள் காலையில் என்ன பேசினார்கள் என்பது அடுத்த கேள்வி. அது நம்மை டீக்கடைக்குக் கொண்டுசெல்கிறது.

டீக்கடை நம்மூரில் பழைய நிறுவனமல்ல. 1930களில் தேயிலை வியாபார அமைப்புகள் தெருத்தெருவாக இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய பானம் அது. காபி மத்தியதர வர்க்கத்தின் அடையாளமாக நின்றதையும் தேநீர் உழைப்பவர்களின் பக்கம் சேர்ந்ததையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதியிருக்கிறார். 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் எட்டும் தமிழில் வந்தது. பத்திரிகை கடைக்கு ஒன்று. அதன் தாள்கள் பிரிந்து கைமாறும். ஒருவர் உரக்கப் படிக்க நான்கு பேர் கேட்பார்கள். கேட்டவர்களில் ஒருவர் மறுப்பார். பிரான்சிஸ் கோடி இந்த வாசிப்பை நேரில் கவனித்து எழுதினார். சலூனும் கட்சிப் படிப்பகமும் இதே வேலையைச் செய்தன.

இந்தப் பெஞ்சைப் போற்றி எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளில் தலித்துகள் வெளியே நின்று தனிக் குவளையில் குடித்தார்கள். பெஞ்சில் உட்காரும் உரிமை இல்லாதவருக்குப் பெஞ்சின் விவாதத்திலும் பங்கில்லை. பெண்களும் அங்கே உட்காரவில்லை. டீக்கடையைத் தமிழ் ஜனநாயகத்தின் பள்ளிக்கூடம் என்று எழுதுபவர், அதற்குள் சேர்க்கப்படாதவர்களின் பட்டியலையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

கொட்டகை

திருச்சியில் ரயில்வே வரைபடக்காரராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகப் போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அவருக்குப் பின் டென்ட் கொட்டகைகள் கிராமத்து விளிம்புகளில் முளைத்தன. கொட்டகையில் இடத்தைத் தீர்மானித்தது கொடுத்த காசு. தரை டிக்கெட், பெஞ்ச், நாற்காலி. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்ற கா. சிவத்தம்பியின் கருத்து 1981இல் வெளியான அவருடைய சிறு நூலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ்நாட்டைப் பார்த்த அவருக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

அதே 1981இல் சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ வந்தது. சினிமாவுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு திராவிட இயக்கத்தோடு பிறக்கவில்லை, நாடகக்காரர்களும் இசைத்தட்டுகளும் விடுதலைப் போராட்டத்திலேயே அதைத் தொடங்கிவிட்டார்கள் என்று அது நிறுவியது. கே. சுப்பிரமணியத்தின் ‘தியாகபூமி’ (1939) நல்ல உதாரணம். கல்கியின் கதை ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்தபோது ஓவியங்களுக்குப் பதில் படத்தின் ஸ்டில்கள் அச்சாயின, படத்தை ஆங்கில அரசு தடைசெய்தது. வாரப் பத்திரிகை வாசிப்பும் நிழற்படமும் தேசிய அரசியலும் அந்தப் பக்கங்களில் சேர்ந்தே வாசகரின் கைக்கு வந்தன.

எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் ட்ராப்’ (1992) இத்துறையில் அதிகம் விவாதிக்கப்பட்ட நூல். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுமை தாங்கிய ஏழைகளே ஏன் அவரைக் கைவிடவில்லை என்று பாண்டியன் கேட்டார். திரையில் கட்டப்பட்ட பிம்பத்தில் விடை தேடினார். கேள்வி கூர்மையானது, அறம் சார்ந்தது. ஆனால் அந்த விடையில் ரசிகர் சிக்கிக்கொண்டவராகவே இருக்கிறார். அவர் வாய் திறந்து பேசுவது குறைவு. மறு ஆண்டே வந்த சாரா டிக்கியின் நூல் மதுரையின் ஏழைப் பார்வையாளர்களிடம் உட்கார்ந்து கேட்டது. படம் பொய் என்று தெரிந்தேதான் பார்க்கிறோம் என்பதை அவர்களால் விளக்க முடிந்தது. இந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வாசிப்பவர்களுக்குத் தமிழ்ப் பார்வையாளர் முழுமையாகக் கிடைப்பார்.

சேர்ந்த இடங்கள்

மூன்றும் ஒன்றாகிய இடங்கள் உண்டு. ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக்கலை பயின்றவர், ஊர் சுற்றுவதில் தீராத ஆசை கொண்டவர். பல நாடுகளில் சிதறிக்கிடந்த காந்தியின் படத்துண்டுகளைச் சுமார் 50,000 அடி அளவுக்குத் தேடிச் சேர்த்து 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். பின்பலம் பெரிதாக இல்லாத ஒரு இளைஞரின் ஆசை செய்த வேலை அது.

பொருட்காட்சித் திடல்களில் எம்.ஜி.ஆர்., சிவாஜி உருவ அட்டைகளின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களும் இந்த வரிசையில் வருகிறார்கள். ரூஸ் கெரிட்சன் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதன் தொடர்ச்சியை ரஜினி ரசிகர்களின் பேனர்களில் கண்டது. நட்சத்திரத்துக்குக் கீழே மன்றத்துக்காரர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் வரிசையாக இருக்கும். தெருவில் தன் முகம் தெரிவது ஒரு மன்றத்துக்காரரின் உள்ளூர் அரசியலில் முதல் படி என்பதை கெரிட்சன் பொறுமையாக விளக்குகிறார். இன்றைய மீமும் அப்படியே: வடிவேலுவின் ஒரு முகபாவம், அதன்மேல் அன்றைய அரசியல் பற்றி ஒரு வரி, செய்தவர் பெயர் தெரியாத ஒரு கல்லூரி மாணவர்.

சேர்த்து வைத்தவர்கள்

இத்தனை ஆய்வுகளும் எதன்மேல் நிற்கின்றன? கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தன் வருமானத்தில் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப்புத்தகம் என்று பிறர் எறிந்தவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தத் தொகுப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது. தமிழ் சினிமாவின் தகவல்களையும் ஸ்டில்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்த பிலிம் நியூஸ் ஆனந்தன் கேமரா ஆசையால் இத்துறைக்கு வந்தவர். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்துகொண்டே தம் நூல்களை எழுதினார். பல்கலைக்கழகங்கள் சினிமாவை ஏறிட்டுப் பார்க்காத ஆண்டுகளில் இவர்கள் வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் அஸ்திவாரம் போட்டார்கள்.

இனி தேட வேண்டியது வீடுகளில். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைச் சமையற்கட்டில் கேட்டு நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிய பெண்கள், பகல் காட்சிக்குக் கூட்டமாகப் போன தோழிகள், படிப்பகத்தைக் கூட்டிப் பெருக்கித் திறந்து வைத்த தொண்டர்கள் ஆகியோரின் வாய்மொழி இன்னும் பதிவாகவில்லை. அந்தத் தலைமுறை எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டது. கல்லூரித் தமிழ்த் துறைகளும் இதழியல் துறைகளும் ஒவ்வொரு மாணவரையும் தன் வீட்டு ஆல்பம் ஒன்றோடு உட்காரச் சொல்லலாம். படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார், எந்த ஆண்டு, அன்று எந்தப் படம் ஓடியது, வீட்டில் எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாங்கலாம். எடுத்தவரின் பெயர் கட்டாயம் வேண்டும்; வீட்டு ஆல்பங்களில் எப்போதும் காணாமல் போகிறவர் அவர்தான். மாவட்ட நூலகங்கள் இவற்றின் பிரதிகளை வாங்கி வைக்கலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ரோஜா முத்தையா தனி மனிதராகச் செய்ததை ஒரு சமூகம் பகிர்ந்து செய்தால் போதும். அப்போதுதான் தமிழரின் அன்றாட வாழ்வைப் பற்றிய ஆய்வு, அந்த வாழ்வை வாழ்ந்தவர்களின் பெயர்களோடு எழுதப்படும்.