அசுவினியின் ஊசிவாய்

இலையில் உருவாகும் சர்க்கரை வேருக்கும் காய்க்கும் எப்படிப் போகிறது? இதை ஆராய விஞ்ஞானிகள் கையாண்ட வழிகளிலேயே என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது ஒன்று உண்டு. அதன் நாயகன் அசுவினிப் பூச்சி! அவரைக் கொடியின் நுனியில் கருகருவென்று அப்பிக் கிடக்குமே, அதே கூட்டம்தான்.

சர்க்கரைச் சாறு ஓடுவது, உணவைக் கடத்தும் திசுவான ஃபுளோயத்தின் சல்லடைக்குழாய்களில். அங்கே கத்தி பட்டால் போதும், செடி உடனே புரதத்தாலும் கேலோஸ் என்ற பொருளாலும் துளைகளை அடைத்துவிடும். அசுவினியோ செல்களின் இடுக்கு வழியாகவே ஊசிவாயை நெளித்து நெளித்து நுழைத்து, ஒரே ஒரு குழாய்க்குள் இறக்கிவிடுகிறது. அதன் எச்சில் அடைப்பையும் தடுத்துவிடுகிறது. எந்தக் கருவி செய்யும் இந்த வேலையை?

1953-இல் கென்னடி, மிட்லர் என்ற ஆய்வாளர்கள் சாற்றை எடுக்க ஒரு வழி சொன்னார்கள்: பூச்சி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே அதன் ஊசிவாயை அறுத்துவிடுவது. ஓர் ஆய்வகத்தில் நுண்ணோக்கி வழியே இதை நானே பார்த்தேன். கார்பன் டை ஆக்சைடில் மயங்கிய பூச்சி, லேசர் ஒளியின் ஒரு வெட்டு, பூச்சி நீங்கிவிட்டது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த ஊசி மட்டும் தண்டில் நிற்கிறது. அதன் முனையில் ஒரு துளி திரண்டது, பளபளவென்று! அதை எடுத்ததும் அடுத்தது. ஐயோ, கண்ணை எடுக்கவே மனமில்லை. மணிக்கணக்கில் இப்படிச் சுரக்குமாம். பெரும்பாலும் சுக்ரோஸ், கொஞ்சம் அமினோ அமிலம்.

உறிஞ்ச ஆளே இல்லாதபோது சாறு ஏன் வருகிறது? உள்ளே அழுத்தம் இருக்கிறது, கார் டயரில் உள்ளதைப் போலப் பல மடங்கு! இலையில் சர்க்கரை குழாய்க்குள் ஏற்றப்படுகிறது. அதைத் தொடர்ந்து தண்ணீர் புகுகிறது. அந்த அழுத்தமே சாற்றைத் தள்ளுகிறது என்று ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் முன்ச் 1930-லேயே சொல்லியிருந்தார்.

கதிரியக்கக் கார்பன் ஏற்றிய வாயுவை இலைக்குக் கொடுத்து, சர்க்கரை போகும் தடத்தைப் படமெடுக்கும் முறையும் அழகானதுதான். ஆனால் அழுத்தத்தை அது காட்டாது.

நீண்ட கொடிகளில் இந்த அழுத்தம் போதுமா என்ற சந்தேகம் மட்டும் பல பத்தாண்டுகள் ஓயவில்லை. ஆய்வாளர் மைக்கேல் நோப்லாக்கின் குழு மார்னிங் குளோரி கொடியை நீளமாக வளர்த்து, நுண்ணிய கண்ணாடி அழுத்தமானியைச் சல்லடைக்குழாய்க்குள்ளேயே செருகி அளந்தது. 2016-இல் விடை வெளியானது: கொடி நீள நீள அழுத்தமும் கூடுகிறது, குழாயும் சாறு எளிதாக ஓடும்படி மாறிக்கொள்கிறது. முன்ச் சொன்னது நீண்ட கொடிக்கும் பொருந்துகிறது!